எங்கள் மாட்டுக்கு வந்ததும் அவர்கள் பிள்ளைக்கு வந்ததும்

மகனே,

கல்யாணம் முடிந்து நீயும் பவித்ராவும் கிளம்பிய அன்று, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் ஓசூர் வண்டி கிளம்புவதற்குச் சற்று முன், பவித்ரா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து நீ என் காதருகே குனிந்தாய். "நீ யாரையும் நம்ப மாட்டியேம்மா. இவள மட்டும் எப்படி இப்படி நம்புற?" என்று கேட்டாய். "வண்டிய எடுக்கப் போறாரு, ஏறு" என்று உன்னை ஏற்றிவிட்டேனே தவிர, பதில் சொல்லவில்லை. பக்கத்தில் உன் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழும்படி அந்தக் கன்றுக்குட்டியின் பேச்சை எடுத்தால் அன்றைக்கு முழுதும் மனிதர் சாப்பிட மாட்டார். போனில் சொல்லலாம் என்றால் நீ பாதிக் காதை என்னிடம் கொடுத்துவிட்டு 'ம், ம்' என்பாய். அதனால் எழுதுகிறேன். பிளஸ் டூவோடு நின்றவள் என்றாலும் எழுத எனக்குக் கை கூசாது. இதைப் பவித்ரா படிக்கலாம், அவள் அப்பா படிக்கலாம், நம் தெருவில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒளிக்க வேண்டியது எதையும் இதில் நான் எழுதப் போவதில்லை.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். உர மூட்டையை வண்டியிலிருந்து இறக்கியதும் முதலில் தையலைத்தான் பார்ப்பேன், பிரித்துத் தைத்திருக்கிறார்களா என்று. டாக்டர் எழுதிய மாத்திரையையும் கடைக்காரர் கொடுத்த மாத்திரையையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்ப்பேன். சின்ன வயதில் நீ "வாய்க்கால்ல எறங்கவே இல்லம்மா" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாய். உன் காது மடலுக்குப் பின்னால் விரலை விட்டு மணலை எடுத்துக் காட்டினேன். உன் அப்பா இதற்கு நேர்மாறு. யார் எதைச் சொன்னாலும் "அவன் பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது" என்பார். நம் ஊரில் மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி முகாம் போட்டபோது, "ஊசி போட்டா பால் கம்மியாயிடும்" என்று டீக்கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு, நம் பசுக்கள் செவலையையும் கறுப்பியையும் ஓட்டிக்கொண்டு போய்க் கரும்புக் கொல்லைப் பக்கம் கட்டிவிட்டு வந்தவர் அவர். எனக்கு அது பிறகுதான் தெரியும். உடனே சண்டை போட்டேன். போட்டு என்ன, முகாம் முடிந்து போயிருந்தது.

உனக்குப் பவித்ராவைப் பேசி முடித்து, நாள் குறிப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிஷிவந்தியத்திலிருந்து அவர்கள் நம் வீட்டுக்கு வந்தார்கள். உன் மாமனார், பவித்ராவின் அக்கா பிரியா, பிரியாவின் பிள்ளை தர்ஷன். நீ ஓசூரில் ஷிப்டில் இருந்தாய். உன் மாமனார் மாடு என்றால் உயிரை விடுகிறவர். வாசலில் செம்பில் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் நேரே கொட்டகைக்குப் போனார். செவலையின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். அதன் கன்றின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். "நல்ல மாடு தங்கச்சி, சாதுவா இருக்குது" என்றார். தர்ஷன் பின்னாலேயே ஓடிப்போய்க் கன்றின் வாலைப் பிடித்து விளையாடினான். அவனுக்கு ஒரு டம்ளர் பால் ஆற்றிக் கொடுத்தேன். நன்றாகக் கொதித்த பால். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அந்த வாரம் முடிவதற்குள் செவலை தீவனத்தை ஒதுக்கியது. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் ஒழுகியது. மறுநாள் காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. குளம்பின் இடுக்கில் புண். நாக்கை இழுத்துப் பார்த்தால் மேல்தோல் உரிந்து சிவந்திருந்தது. மாட்டு டாக்டர் வெள்ளிமலைப் பக்கம் மேலே முகாமுக்குப் போயிருந்தார். இறங்கி வந்து பார்த்தவர், கொட்டகைக்குள் கால் வைத்ததுமே "கோமாரிம்மா" என்றார். ஊசி போட்டார். சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு எல்லாம் அரைத்து வெல்லமும் தேங்காயும் சேர்த்து நாக்கில் தடவச் சொன்னார். சலவை சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொட்டகையெங்கும் தெளிக்கச் சொன்னார். கன்றைப் பால் குடிக்க விடாமல் பிரித்துக் கட்டச் சொன்னார். கட்டினோம். ஆனால் அதற்குள் அது குடித்துவிட்டிருந்தது. காலையில் துள்ளிக்கொண்டிருந்த கன்று, உச்சி வெயிலில் நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தது. உன் அப்பா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவர் இல்லை.

கன்றைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் பிரியாவிடமிருந்து போன். உனக்கு அந்த போனைப் பற்றிப் பாதிதான் தெரியும்.

"எங்க புள்ளைக்கி இன்னா குடுத்தீங்க?" என்றாள். வணக்கம் இல்லை, அத்தை என்று கூப்பிடவில்லை.

"இன்னாம்மா ஆச்சி?"

"காய்ச்சல். வாயெல்லாம் புண்ணு. உள்ளங்கையில, பாதத்துல எல்லாம் கொப்புளம். டாக்டரு ஹேண்ட் ஃபுட் மவுத்துன்றாரு. கால்லயும் வாயிலயும் வர்ற மாட்டு சீக்குதான அது? உங்க மாட்டுக்கு அதே வந்துருக்குதுன்னு ஊரே சொல்லுது. சீக்கு மாட்டுப் பால மறைச்சிப் புள்ளைக்கி ஊத்துனீங்களா?"

எனக்குக் கன்று போன வலி. "எங்க மாடு உங்க புள்ள வந்துட்டுப் போன அப்புறம்தான் படுத்துது. வால புடிச்சி இழுத்துக்கினு இருந்தது யாரு? நீங்க கொண்டாந்து வச்சிட்டுப் போனீங்களா?" என்று நானும் கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. மறுநாள் அவர்கள் சொந்தக்காரர் ஒருவர் மூலம் சொல்லி அனுப்பினார்கள்: கல்யாணப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம், பொறுத்துப் பார்க்கலாம். பொறுத்துப் பார்க்கலாம் என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. செவலையின் பாலை நானே கீழே கொட்டினேன். ஆனால் நோய் வராத கறுப்பியின் பாலையும் ஒருவர் வாங்கவில்லை. நம் வாசலில் விளையாடும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். "மலை மாடு அணைக்கட்டுப் பக்கம் எறங்குச்சி, அதுதான் கொண்டாந்துச்சி" என்று சிலர் சொன்னார்கள். கல்வராயன் மலையிலிருந்து புளி கொண்டுவந்து விற்பாளே ஓர் அம்மாள், அவளைத் தெரு முனையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அவளிடம் மாடே கிடையாது. நான் அதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ போனில், "கோமாரி மனுசனுக்கு வராதும்மா, நெட்ல போட்டுருக்கு" என்றாய். நெட்டில் போட்டவருக்கு நம் வீட்டில் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? உன்னையும் நான் நம்பவில்லை. ஒரே வாரம், ஒரே வீடு. மாட்டுக்கு வாயிலும் காலிலும் புண், பிள்ளைக்கு வாயிலும் காலிலும் புண். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று யார் சொன்னாலும் அவர்கள் எதையோ மூடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் மத்தியானம் டவுன் பஸ்ஸிலிருந்து பவித்ரா இறங்கி வந்தாள். தனியாக. அவள் கள்ளக்குறிச்சியில் ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள், நுண்ணுயிரியல் படித்தவள் என்பது எனக்குத் தெரியும். லேபிலிருந்தே வந்திருக்கிறாள். அவளைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம், வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார்கள் என்பதுதான். ஆனால் அவள் வாசலைத் தாண்டவில்லை. வேலிக்கு வெளியே ரோட்டோரம் செருப்பைக் கழற்றி விட்டாள்.

"அத்த, சோடா கரைச்ச தண்ணி இருந்தா குடுங்க. காலக் கழுவிக்கினு வரேன்" என்றாள்.

"இன்னாத்துக்கு? உன் காலுக்கு இன்னா?"

"எங்க தெருவுல ஒரு மாட்டுக்குக் கோமாரி வந்துருக்குது அத்த. நாங்க உங்க வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே. எங்க எதுத்த வூட்டு மாடு. அன்னிக்கிக் காலைல எங்கப்பாதான் அது வாயப் புடிச்சி மருந்து தடவுனாரு. தடவிட்டு அதே வேட்டி, அதே செருப்போட இங்க வந்தாரு. எங்க வூட்டுல யாரும் இத சேத்துப் பாக்கல. நான் பாத்தேன்."

வாயைத் திறந்து பல்லைப் பார்த்த அந்தக் கை என் கண் முன்னால் வந்தது. கன்றின் கழுத்தைத் தடவிய கை. கோபம் வந்ததா என்றால் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் சந்தேகம் வந்தது. தன் அப்பா மேல் இருக்கிற குற்றத்தை ஒரு பெண் தானாக வந்து ஏன் சொல்வாள்?

"இத ஏன் எங்கிட்ட சொல்ற?" என்று கேட்டேன்.

"நீங்களா கண்டுபுடிச்சா, அப்புறம் நான் சொல்ற வேற எதையும் நம்ப மாட்டீங்க இல்ல" என்றாள்.

அவளைக் காலைக் கழுவ வைத்து உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். நம்பியதால் இல்லை. இவள் இன்னும் என்ன சொல்கிறாள் பார்க்கலாம் என்றுதான்.

"உங்கப்பாவுக்கு அந்த மாட்டுகிட்டேர்ந்து ஒண்ணும் வரலியே. வராதவர் எப்படிக் கொண்டாருவாரு?"

"வரலதான். அவரு ஒடம்புல அது பெருகாது. ஆனா கையில, துணியில, செருப்புல ஒட்டிக்கினு வரும். சேறு ஒட்டிக்கினு வர்ற மாதிரிதான். அடுத்த மாட்டு வாய்க்குப் போச்சின்னா அங்க பெருகும்."

"அதத்தான் கேக்கறன். மாட்டு வாயில பெருகறது மனுசன் வாயில ஏன் பெருகாது? அதுக்கும் ரத்தம் செவப்பு, நமக்கும் செவப்பு."

அவள் கொஞ்சம் யோசித்துத்தான் பேசினாள். "வைரஸ் தானா வளராது அத்த. பூஞ்சக்காளான், புழு மாதிரி இல்ல. அதுக்கு வயிறு கெடையாது, ஒண்ணும் கெடையாது. ஒரு செல்லுக்குள்ள போயி, அந்த செல்ல வேலை வாங்கித்தான் தன்ன மாதிரி இன்னொண்ணு செஞ்சிக்கும். உள்ள போவணும்னா செல்லு மேல அது புடிச்சிக்கிறதுக்கு ஒரு எடம் வேணும். அந்த எடம் மாட்டுக்கு ஒரு மாதிரி, மனுசனுக்கு ஒரு மாதிரி, கோழிக்கு ஒரு மாதிரி இருக்கும். தர்ஷனுக்கு வந்தது மனுசன் செல்லப் புடிச்சிக்கிற வைரஸ். அது மாட்டுக்கு வந்ததா நான் படிச்ச வரைக்கும் இல்ல."

"புடிச்சிக்கிற எடம் ஒண்ணாவே இருந்துட்டா?"

"இருந்துட்டா உள்ள போயிடும். போனாலும் அதுக்கு வேலை செஞ்சி குடுக்கறதுக்கு உள்ள இருக்கறதெல்லாம் ஒத்துப்போவணும். ஒத்துப்போவலன்னா அப்படியே நின்னுடும். செல்லுக்கும் காவல் இருக்குது. வேத்தாள் வந்தா கண்டுபுடிச்சி வெட்டிப் போட்டுடும். மாட்டோட காவல ஏமாத்தப் பழகுன வைரஸ், மனுசனோட காவல ஏமாத்தத் தெரியாம மாட்டிக்கும். இதுல கோமாரி நம்மகிட்ட எந்த எடத்துல நிக்குதுன்னு கேட்டா எனக்கு முழுசாத் தெரியாது. புடிச்சிக்கிற எடம் நம்மகிட்டயும் இருக்குதுன்னுதான் சொல்றாங்க. அப்படின்னா உள்ளதான் எங்கியோ தடுக்குது."

தெரியாது என்று சொன்னாளே, அது என் காதில் தனியாக விழுந்தது. ஆனாலும் விடவில்லை. "எங்கம்மா வூட்டு எருமைக்கு மடியில கொப்புளம் வந்து, கறந்த மாமா கையில அப்படியே வந்துது. என் கண்ணால பாத்தேன். அதுக்கு இன்னா சொல்ற? நாய் கடிச்சா நாய்கிட்ட இருக்கறது மனுசனக் கொல்லுதே?"

"நீங்க பாத்தது நெசம் அத்த. எருமை அம்மை கறக்கறவங்க கைக்கு வரும். வெறிநாய்க்கடி யாருக்கு வேணாலும் வரும். நாய், மாடு, மனுசன் எல்லாத்துக்கும் நரம்புல அது புடிச்சிக்கிற எடம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எல்லா வைரசும் வராதுன்னு நான் சொல்லல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு."

"கோமாரி மனுசனுக்கு வரவே வராதா? சத்தியமா சொல்லு."

அவள் ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே அவளை வழியனுப்பியிருப்பேன். "சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றாள். "ரொம்ப ரொம்ப அபூர்வமா எங்கியோ ஒருத்தருக்கு லேசா வந்துருக்குதுன்னு எழுதியிருக்காங்க. வந்தாலும் தானா போயிடும்."

"அப்போ அந்த அபூர்வம் தர்ஷனுக்கு வந்துருந்தா?"

"கேக்கறது நியாயம்தான். நான் சொல்றத வச்சி முடிவு பண்ணாதீங்க. ரிஷிவந்தியம் போயி, அவன் போற பள்ளிக்கூடத்துப் பக்கம் நீங்களே விசாரிங்க. மாடே இல்லாத வூட்டுப் புள்ளைங்களுக்கு வந்துருக்குதான்னு பாருங்க" என்றாள். பிறகு கொட்டகைக்குப் பக்கத்தில் போகாமல், தூரத்திலிருந்தே செவலையைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். "வூட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்டேன். "சொல்லல. சொன்னா அக்கா விட மாட்டா" என்றாள்.

நான் போனேன். நீ இதைப் படித்துச் சிரிப்பாய் என்று தெரியும். கோயிலுக்குப் போகிறேன் என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டு, வேறு புடவை கட்டிக்கொண்டு, பஸ் ஏறினேன். பவித்ரா சொன்ன வழியிலேயே போகக் கூடாது என்று நினைத்தேன். அவள் யாரிடமாவது முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கலாம் அல்லவா? அதனால் பள்ளிக்கூட வாசலுக்குப் போகாமல் முதலில் மருந்துக் கடைக்குப் போய், "புள்ளைங்க வாய்ப்புண்ணுக்கு மருந்து இருக்குதா?" என்று கேட்டேன். கடைக்காரர் சலித்துக்கொண்டார். "உங்க வூட்லயுமா? எல்லாரும் இதத்தாம்மா கேக்கறாங்க. நர்சரி புள்ளைங்களுக்கெல்லாம் வந்துக்கினு இருக்குது." அங்கேயே கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிற தையல்காரர் மனைவி. அவள் மூத்த பிள்ளைக்கும் அதேதானாம். தர்ஷனுக்கு வருவதற்கு முந்தைய வாரமே வந்துவிட்டதாம். "பால் எங்க வாங்கறீங்க?" என்று கேட்டேன். "பாக்கெட்டுதாங்க. மாடிப்படி ஏறி யாரு பால் கொண்டாந்து ஊத்துவாங்க?" என்றாள். மாடு கிடையாது, ஆடு கிடையாது, நம் கச்சிராயபாளையம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அது போதும்தான். ஆனால் எனக்குப் போதவில்லை. பவித்ரா சொன்ன இன்னொன்றையும் பார்க்க வேண்டும் அல்லவா? முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவர்கள் தெருவுக்குப் போனேன். அவர்கள் வீட்டுக்கு எதிரே கொட்டகை வாசலில் சுண்ணாம்புத் தூள் வெள்ளையாகக் கொட்டியிருந்தது. உள்ளே ஒரு மாடு தலையைத் தொங்கப்போட்டு நின்றது. அந்த வீட்டு அம்மாளிடம், "மாட்டுக்கு இன்னாங்க?" என்றேன். "கோமாரிங்க. இப்ப தேவலாம். எதுத்த வூட்டு அண்ணந்தான் தெனமும் வந்து வாயப் புடிச்சிக் குடுத்தாரு. தங்கமான மனுசன்" என்றாள். அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. தங்கமான மனுசன்தான். அடுத்தவர் மாட்டுக்கு ஓடிப்போய் உதவுகிறவர். அந்த உதவிதான் நம் கன்றைக் கொன்றது. இதை யாரிடம் சொல்லி அழுவது?

பவித்ரா சொன்ன இரண்டும் ஒத்துப்போயின. திரும்பும் வழியெல்லாம் நான் யோசித்தது வேறு. இப்போது என் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. பிரியா என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் சேர்த்துவைத்து ஒரே அடியாக அடிக்கலாம். அதைக் கொடுத்தது யார்? அந்த வீட்டுப் பெண்ணே.

பிறகு அந்தச் சொந்தக்காரர் மூலமே நான் சொல்லி அனுப்ப, இரண்டு வீட்டாரும் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசினோம். உனக்கு லீவு கிடைக்கவில்லை. உன் அப்பா தூணில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தர்ஷனுக்குப் புண் ஆறி, மண்டபமெங்கும் ஓடிக்கொண்டிருந்தான். மருந்துக் கடையில் கேட்டதையும் தையல்காரர் பிள்ளையைப் பற்றியும் நான் சொன்னேன். பிரியா முதலில் நம்பவில்லை. "அந்த அம்மா பேர் இன்னா? எந்த வூட்டு மாடி?" என்று குறுக்கே கேட்டாள். சொன்னேன். அங்கேயே போன் போட்டு விசாரித்தாள். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "ஆமா, அவனும் இவன் கிளாஸ்தான்" என்றாள். உனக்கு ஒன்று சொல்லட்டுமா? அவள் அப்படி விசாரித்தது எனக்குப் பிடித்திருந்தது. அவளும் என்னைப் போல ஒருத்திதான்.

அப்போது உன் மாமனார் கேட்டார். "புள்ளைக்கி மாட்டால வரல, சரி. மாட்டுக்குப் புள்ளையால வரல, அதுவும் சரி. அப்போ உங்க மாட்டுக்கு எப்படிம்மா வந்துது?"

எனக்கு அது தொண்டை வரைக்கும் வந்தது. பவித்ராவைப் பார்த்தேன். சொல்லாதீர்கள் என்று அவள் கண்ணைக் காட்டவில்லை. சொல்லுங்கள் என்றும் காட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காத்துலகூட வரும்ங்கறாங்க அண்ணா. நாங்க ஊசியும் போடல" என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. உன் அப்பா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ஊசிப் பழியை 'நாங்க' என்று நான் பங்கு போட்டுக்கொண்டது அவருக்குப் புரிந்தது.

ஆனால் உன் மாமனார் விடவில்லை. மாடு வளர்ப்பவர் அல்லவா, அவருக்கும் கணக்குத் தெரியும். விரல் விட்டு நாளை எண்ணத் தொடங்கினார். "எந்த நாள் படுத்துது?" என்றார். சொன்னேன். பிறகு அவர் குரல் இறங்கிப்போயிற்று. "அன்னிக்கி எதுத்த வூட்டு மாட்டுக்கு மருந்து தடவிட்டு அப்படியே வந்தேன் தங்கச்சி. கையக் கழுவுனேனான்னுகூட ஞாபகம் இல்ல. எனக்கு ஒண்ணும் ஆவலியே, எங்கிட்ட இன்னா இருக்கப்போவுதுன்னு இருந்துட்டேன்." "கன்னுக்குட்டி நல்லா இருக்குதில்ல?" என்று கேட்டார். அவருக்கு அதுவரை தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. உன் அப்பாதான் சொன்னார், "போயிடுச்சிங்க" என்று. உன் மாமனார் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். உன் அப்பா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்க, யாரையும் நம்பும் அந்த மனிதர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உடுங்க சம்பந்தி. வேணும்னேவா பண்ணீங்க?" என்றார். கல்யாணம் நின்றுபோகாது என்று எனக்கு அப்போதுதான் உறுதியாயிற்று.

மீதி உனக்குத் தெரியும். செவலை பிழைத்துக்கொண்டது. ஆனால் இப்போது வெயில் ஏறினால் நாயைப் போல மூச்சு வாங்குகிறது. பாலும் முன்பு போல இல்லை. கோமாரி வந்த மாடு சிலது அப்படித்தான் இருக்குமாம். கறுப்பிக்கு ஊசி போட்டாயிற்று. முகாமுக்கு ஓட்டிக்கொண்டு போனவர் உன் அப்பா. ஊசி போட்ட இடத்தை நான் தடவிப் பார்த்தேன், அது வேறு விஷயம். புளிக்கார அம்மாள் மறுபடி வந்தாள். நானே தெரு முனை வரைக்கும் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தாள். பார்க்கட்டும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பவித்ராவை நான் நம்புகிறேன் என்று நீ நினைக்கிறாய். நான் அவளைச் சரிபார்த்தேன், அவ்வளவுதான். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அவள் சொன்னது அப்படியே இருந்தது. தெரிந்ததைத் தெரியும் என்றாள், தெரியாததைத் தெரியாது என்றாள். தன் வீட்டுக்குப் பாதகமானதை முதலில் சொன்னாள். மறைத்திருந்தால் அவளுக்குத்தான் லாபம். அப்படிப்பட்ட ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. போன வாரம் நீ போனில், "இவ எல்லாத்தையும் துருவித் துருவிக் கேக்கறாம்மா, உன்ன மாதிரியே இருக்கா" என்று குறைப்பட்டுக்கொண்டாய். கேட்கட்டும். கேட்பதால் எந்த வீடும் கெட்டுப்போகாது. நீ அவள் கேட்பதற்கு முன்னால் சொல்லப் பழகு. எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, என்னால் யாருக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று இருந்துவிடாதே. உன் மாமனாரைப் போன்ற நல்ல மனிதரே அப்படி இருந்து பட்டுவிட்டார். நீ அவள் சொல்வதைச் சரிபார்த்தாலும் தப்பில்லை. ஆனால் ஒளிந்து பார்க்காதே, எதிரே கேள். நான் புடவை மாற்றிக்கொண்டு போன மாதிரிப் போகாதே.

பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ரிஷிவந்தியம் போய்விட்டுத்தான் இங்கே வருவீர்கள், அது எனக்குத் தெரியும். வழியில் எங்காவது மாட்டைத் தொட்டிருந்தால், கொட்டகைக்குள் கால் வைத்திருந்தால், வேலிக்கு வெளியே நின்று ஒரு குரல் கொடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். சொல்லிவிட்டு வருகிற யாரையும் இந்த வீட்டில் திருப்பி அனுப்ப மாட்டேன். தண்ணீர் எடுத்து வருவேன், காலைக் கழுவச் சொல்வேன், உள்ளே வந்து சாப்பிடச் சொல்வேன்.

அம்மா